பெரிய டாக்டரின் நாலு மில்லிமீட்டர்

புது ஸ்கேன் மெஷினுக்கு ரிப்பன் வெட்டி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பெரிய டாக்டருக்கு மட்டும் இன்னும் மைக்கை விட மனசு வரவில்லை.

வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி சிலருக்கு பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும் என்றார். அது வெடித்தால் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க மாட்டார்கள் என்றார். முப்பது வருஷமாக அந்த வெடிகளைத் தன் ஒற்றைக் கையால் தடுத்துவருவதாகவும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘நெடுங்கோடு’ என்று பெயர். நெஞ்செலும்புக்குக் கீழே கத்தியை வைத்தால், தொப்புளைச் சுற்றிக்கொண்டு அடிவயிறு வரை ஒரே இழுப்பு. தொடையில் சின்னதாகத் துளை போட்டு, துணி போர்த்திய கம்பிக் குழாயை மடித்து உள்ளே அனுப்பி, வீக்கத்துக்கு நடுவே விரித்துவிடுகிற இளைய டாக்டரை அவர் ‘பிளம்பர்’ என்றுதான் கூப்பிடுவார். பிளம்பரும் “சார்” என்று திரும்பிப் பார்ப்பார். வேறென்ன செய்வார், பாவம்.

ஜெல் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்த ஸ்கேன் அக்காவுக்குக் கால் கடுத்தது. பொழுது போகாமல் எதிர்ச்சுவர் போஸ்டரைப் பத்தாவது முறையாகப் படித்தாள். ‘அறுபத்தைந்து தாண்டிய, புகைபிடித்த ஆண்களே! ஒரே ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.’ அதில் கைகட்டி நின்று முறைப்பவர் சாட்சாத் பெரிய டாக்டர்தான். வயது அறுபத்தெட்டு. அறுபது வரைக்கும் ஊதித் தள்ளியவர். அவர் வயிற்றில் இதுவரை ஜெல் பட்டதில்லை. உபதேசம் ஊருக்குத்தானே!

செய்துகாட்டுவதற்காகப் பிடித்து வைத்திருந்த வாட்ச்மேன், “எனக்குக் கூச்சம் ஜாஸ்திங்க” என்று கடைசி நேரத்தில் நழுவிவிட்டார்.

“யாரும் வேணாம், நானே படுக்கிறேன்!” பெரிய டாக்டர் சட்டையைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறினார். “ரெண்டே நிமிஷம். எல்லாருக்கும் காட்டும்மா.”

அக்கா கருவியை வைத்தாள். இரண்டு சென்டிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஒரு கறுப்பு வட்டம், ஜம்மென்று துடித்துக்கொண்டிருந்தது. வந்திருந்த பிரமுகர்களுக்கு என்ன தெரியும்? கை தட்டினார்கள். பெரிய டாக்டர் திரையைப் பார்க்கவில்லை, கை தட்டுகிறவர்களைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா சட்டென்று அளவெடுத்து, படத்தைச் சேமித்து, திரையைத் திருப்பினாள்.

“வாயு ஜாஸ்தியா இருக்கு சார். இப்ப சரியாத் தெரியாது.”

கூடம் கொல்லென்று சிரித்தது.

எல்லாரும் போனபின் அவர் புயலாக உள்ளே நுழைந்தார். “சபையில மானத்தை வாங்கிட்டியேம்மா! எனக்கா வாயு?”

அக்கா படத்தைப் போட்டாள். அவர் கண்ணாடியை மாட்டினார்.

“யாரோடது இது?”

“அந்த வாயுவோடதுதான் சார்.”

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எவ்வளவு?”

“அஞ்சு புள்ளி ஏழு.”

ஐந்தரையைத் தொட்டால் ஆபரேஷன். அதற்குக் கீழே என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும். இந்தக் கணக்கை இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எங்கேருந்து எங்க அளந்தே?”

“வெளிச்சுவர்லேருந்து வெளிச்சுவர்.”

“அங்கதான் கோட்டை விட்டே! ரத்தம் ஓடற இடம்தானே குழாய்? உள்சுவர்லேருந்து உள்சுவர் அளந்து பாரு.”

அளந்தாள். ஐந்து புள்ளி மூன்று.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பாத்தியா! அடுத்த ஸ்கேன்ல பாத்துக்கலாம். இது நமக்குள்ள இருக்கட்டும்.”

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாலு மில்லிமீட்டரைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு இந்த மனுஷர் மாடிப்படி ஏறுவார், கார் ஓட்டுவார், யார்மேலாவது கத்துவார். அது எப்போது வெடிக்கும் என்று யார் கண்டது?

மெஷினின் ஓரத்தைக் காட்டினாள். பழைய மெஷினிலிருந்து பிய்த்து ஒட்டிய சீட்டு ஒன்று அங்கே இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் அவள் உள்சுவரை அளந்த குற்றத்துக்காக, நோயாளிகள் முன்னால் அவர் கத்தித் தீர்த்துவிட்டு ஒட்டிப்போனது. சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘சுவரையும் சேர்த்தே அளக்க வேண்டும். வெடிப்பது சுவர்தான்.’ கீழே, பாதிச் சீட்டை அடைத்துக்கொண்டு கையெழுத்து.

“யாரு எழுதினது இது?”

“ஒரு பெரிய மனுஷர் சார். மீறினா கத்துவாரு.”

“அது... நோயாளிகளுக்காக எழுதினதும்மா.”

“நோயாளிகிட்டத்தான் சார் காட்டறேன்.”

பெரிய டாக்டர் உட்கார்ந்தார். கை தானாக நெஞ்செலும்பிலிருந்து தொப்புள் வரை போய் நின்றது.

“வலிக்குமா?” என்றார் மெதுவாக.

“நீங்கதானே சார் சொல்வீங்க, சும்மா ஒரு கோடுன்னு.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்தப் பிளம்... அந்த டாக்டர் தம்பி இருக்காரா, கிளம்பிட்டாரா?”

அடுத்த நாள் சிடி ஸ்கேனிலும் வெளிச்சுவர் கணக்கு அதேதான். பிளம்பர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வீக்கத்துக்கு மேல நல்ல ரத்தக்குழாய் போதுமான நீளத்துக்கு இருக்கு சார். நம்ம கம்பிக் குழாய் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். ஆனா கசிவு இருக்கான்னு வருஷா வருஷம் அக்காகிட்ட வந்து படுக்கணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றார் நெடுங்கோடு. ஆஸ்பத்திரி வரலாற்றில் ஒற்றை வார்த்தையில் அவர் பேச்சை முடித்தது அன்றைக்குத்தான்.

தொடைக்கு ஒன்றாக இரண்டு துளை. மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஒரு வருஷம் கழித்து அதே கட்டில், அதே ஜெல்.

“கசிவு இல்ல சார். அஞ்சு புள்ளி ரெண்டுக்குச் சுருங்கியிருக்கு.”

பெரிய டாக்டர் தலையைத் தூக்கினார். “நாளைக்கு மாநாட்டுல இந்தத் தொடை வழி வைத்தியத்தைப் பத்தி நான்தான் பேசறேன். நான் ஆரம்பத்துலேருந்தே ஆதரிச்ச முறையாச்சே. உள்சுவரை அளந்தா அஞ்சுக்குக் கீழ வருமேம்மா?”

அக்கா ஜெல் வழியும் விரலால் சிவப்பு மைச் சீட்டைத் தொட்டுக் காட்டினாள்.

“சரி, சரி” என்று தலையைச் சாய்த்துக்கொண்டார். “அஞ்சு புள்ளி ரெண்டுன்னே எழுதிக்கோ.”