சுண்ணாம்பின் காது

அந்த நாயைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அதன் காதைத்தான் சொல்ல வேண்டும். பிறவியிலிருந்தே ஒரு சத்தமும் ஏறாத காது. அப்படிப்பட்ட காதுக்குச் சீழ் பிடிக்க மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. இடது மடலைத் தூக்கினால் உள்ளே பழுப்பும் மஞ்சளுமாக ஒரு பசை. ஈரக் கம்பளித் துணியைப் பையில் கட்டிப் போட்டு மறந்துவிட்டுப் பிறகொரு நாள் பிரித்தால் ஒரு வாடை வருமே, அது.

நான் சலவைக்கடையில் கறை எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். ரத்தம், வாந்தி, எலி செத்து ஒட்டிய கம்பளம் என்று எல்லாவற்றையும் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டாயிற்று. ஆனால் அதெல்லாம் கடையோடு சரி. சாயங்காலம் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தால் வீடு வீடாக இருக்கும். அந்த வீட்டுக்குள்தான் என் கணவர் இந்தக் காதைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கைவிடப்பட்ட பிராணிகளை வைத்திருக்கும் காப்பகத்தில் சரக்கு லிஃப்ட் மக்கர் பண்ணுகிறதென்று போயிருந்தார். இரும்புக் கதவைப் படார் படாரென்று தட்டியதில் அங்கிருந்த நாய்களெல்லாம் ஊளையிட, ஒன்று மட்டும் அவருடைய கருவிப் பெட்டியின் மேல் முகவாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாம். அவ்வளவுதான், மனிதர் உருகிவிட்டார். அவருக்கு இரக்கம் வந்தால் எனக்கு வேலை வரும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு.

உடம்பெல்லாம் வெள்ளை, இடையிடையே முடி கொட்டி இளஞ்சிவப்பாகத் தோல். காரை பெயர்ந்த சுவர் மாதிரி இருந்ததால் சுண்ணாம்பு என்று பெயர் வைத்தார்.

"கூப்பிட்டாக் கேக்கவே போறதில்ல. அதுக்கு எதுக்குங்க பேரு?" என்றேன்.

"நமக்குத் திட்டறதுக்காவது வேணாமா?" என்றார்.

காப்பகத்துப் பெண்மணிதான் வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போனார். வாட்டசாட்டமான ஆள், சட்டையெல்லாம் நாய் முடி, பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது.

"பின்னாடியிருந்து தொடாதீங்க. தூங்கறப்ப தொடவே தொடாதீங்க. திடுக்குன்னு முழிச்சா யாரு என்னன்னு பாக்காது, பல்லுதான் முதல்ல போகும். கொஞ்சம் தள்ளி நின்னு தரையில காலால தட்டுங்க. அந்த அதிர்வுல தானா முழிச்சுக்கும். கைய இப்படி அசைச்சா வா, இப்படி நீட்டினா நில்லு. எல்லாரும் ஒரே மாதிரி காட்டணும், ஆளுக்கொரு விதமா காட்டிக் குழப்பாதீங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏற்கெனவே ஒரு வீட்டுல கடிச்சிடுச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. இன்னொரு தடவ கடிச்சுத் திரும்பி வந்தா எங்க டாக்டர் வேற யாருக்கும் குடுக்க விடமாட்டார். ஊசிதான். இப்ப சும்மா பழகறதுக்குத்தான் விட்டுட்டுப் போறேன். மறுபடி வந்து பாத்துட்டுதான் முடிவு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, எங்க வீட்டுல எல்லாருமே பாசக்காரங்க" என்றார் என் கணவர். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பாசக்காரர்களில் முக்கியமானவர்கள் மாடியில் இருந்தார்கள். வீடு என் கணவருக்கும் அவருடைய அக்காவுக்கும் பொது. கீழே நாங்கள், மேலே என் நாத்தனாரும் அவருடைய கணவரும். அவர் மெத்தைக் கடையில் விற்பனை மேலாளர். நான் முறைப்படி அண்ணா என்று கூப்பிடுவேன். என்ன பேசினாலும் நம்மைப் படுக்க வைத்து அழுத்திப் பார்ப்பது போலவே பேசுவார். கழுத்தில் வாசனைத் தூளை அப்பிக்கொண்டிருப்பார். மாடிப்படியில் அவர் இறங்குவதற்கு முன்பே வாசனை இறங்கிவிடும்.

நாயின் வாடையா இவர் வாசனையா என்று கேட்டால் அப்போது இவர் வாசனையே தேவலை என்றிருப்பேன். அந்த நாய் செய்தவற்றை எழுதவே எனக்குக் குமட்டுகிறது. பின்கட்டு முழுக்க அசிங்கம் பண்ணிவிட்டு அதையே மிதித்துக்கொண்டு சமையலறைவரை வந்தது. வாந்தி எடுத்தது. நான் துணி எடுத்து வருவதற்குள் அந்த வாந்தியை அதுவே நக்கித் தீர்த்துவிட்டு, அதே நாக்கால் என் கணுக்காலை நக்கியது. தலையை உதறினால் சீழ் சுவரில் தெறித்து எச்சிலோடு சேர்ந்து காய்ந்தது. குரைப்பாவது நாய் மாதிரி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. தன் சத்தம் தனக்கே தெரியாததால் இரும்பு நாற்காலியைச் சிமென்ட் தரையில் இழுப்பது போல ஒரு கத்தல். காதைக் கழுவி மருந்து விட வேண்டும் என்று காப்பகத்தில் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். என் கணவர் ஒரு முறை மடலைத் தூக்கினார், ஓங்கரித்தார், மருந்துக் குப்பியை என் கையில் கொடுத்துவிட்டார்.

"உனக்குத்தான் இதெல்லாம் பழக்கம்" என்றார்.

எழுப்புவது இன்னொரு கூத்து. அவர் தரையில் காலால் தட்டினார். நாய் குறட்டை விட்டது. ஓங்கி மிதித்தார், குதித்தார். மாடியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தார்.

"என்னடா தம்பி, வீட்டை இடிச்சுட்டு நிலத்தை விக்கலாம்னு பாக்கறியா?"

"நாய எழுப்பறேன்க்கா."

"நாய எழுப்ப நீ ஆடணுமா? நல்லா இருக்குடா உன் பொழப்பு."

காப்பகத்தில் மரப்பலகைத் தரை. எங்கள் வீட்டில் மண்மேல் நேராகப் போட்ட கெட்டிச் சிமென்ட். அதில் யானை நடந்தாலும் அடுத்த ஆளுக்குத் தெரியாது. இதை நாங்கள் யோசிக்கவில்லை. எதிர்பாராமல்தான் புரிந்தது. அது படுக்கிற இடத்தைத் தினமும் தேய்த்துச் சலித்துப்போய், பழைய அலமாரியின் பிளைவுட் கதவைக் கழற்றிப் போட்டேன். பலகையென்றால் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் கழுவிவிடலாம் என்பது மட்டும்தான் என் எண்ணம். மறுநாள் பலகையின் ஓரத்தில் வாளியை வைத்தேன். தூங்கிக்கொண்டிருந்த சுண்ணாம்பு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. உறுமவில்லை. வாலால் பலகையைத் தட்டியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எழுப்ப வேண்டுமென்றால் பலகையின் விளிம்பைக் கால் கட்டைவிரலால் தொட்டால் போதும். கையசைத்தால் வந்தது, நீட்டினால் நின்றது. அசிங்கத்தை வெளியே போய்ச் செய்யவும் கற்றுக்கொண்டது. காது மட்டும் ஆறவில்லை.

இந்தச் சமயத்தில் மெத்தைக்கடை அண்ணன் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். நாய் திரும்பி நிற்கும்போது பின்னால் போய்த் தட்டால் தட்டை அடிப்பார். காகிதப் பையை ஊதி உடைப்பார். அது அசையாமல் நின்றால் கைகொட்டிச் சிரிப்பார். நாத்தனாரும் சேர்ந்துகொண்டார். சிரித்த முகமாக, கொஞ்சுகிற ராகத்தில், வாயில் வரக் கூடாத வார்த்தைகளையெல்லாம் அதைப் பார்த்துச் சொல்வார். அது முகத்தைப் பார்த்து வாலாட்டும்.

"பாரேன், எவ்ளோ ரோசமில்லாத ஜென்மம்!" என்பார்.

"வேணாம் அண்ணி" என்று நான் ஒரு முறை சொன்னேன்.

"அடடே, மூக்கைப் பொத்திக்கிட்டுச் சோறு வைக்கறவ பேசறா பாரு. அதுக்குத்தான் கேக்கலையே, உனக்கு எங்க வலிக்குது?"

என் கணவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம் கடையில் அரை நாள் வேலை முடித்துவிட்டு வந்தேன். வாசலில் செருப்புகளும் ஷூக்களுமாகக் கிடந்தன. மெத்தைக் கடை நண்பர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். உள்ளே ஒரே கூச்சல். அண்ணன் வலது கையைப் பிடித்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தார், விரல்களில் ரத்தம். நாத்தனார் விசிறிக்கொண்டிருந்தார். நண்பர்கள் பிஸ்கட் தட்டோடு சுவரில் ஒட்டி நின்றார்கள். சுண்ணாம்பு சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது.

"சும்மா அந்தப் பக்கமாப் போனேம்மா, பாஞ்சு புடிச்சிடுச்சு" என்றார் அண்ணன். "வெறி நாய். இன்னைக்கே அனுப்பிடணும்."

காயத்தைக் கழுவி மருந்து போடுவதற்காகக் கையை வாங்கினேன். வாசனைத் தூளையும் ரத்தத்தையும் மீறிக்கொண்டு ஒன்று என் மூக்கில் ஏறியது. கம்பளித் துணி வாடை. அவருடைய நகக்கண்ணில் மஞ்சள் பசை இருந்தது. கீழே பார்த்தேன். பழச்சாறு தம்ளரில் போடுகிற ஐஸ் கட்டிகள் தரையில் உருகிக்கொண்டிருந்தன. அது படுத்திருந்த இடத்தில் வெறும் சிமென்ட்.

"பலகை எங்க?" என்றேன்.

எல்லாரும் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள். நண்பர்களில் கண்ணாடி போட்டவர் மட்டும் மென்று விழுங்கினார். "சார் சும்மா தமாசுக்குத்தான்... காதுல ஐஸ் வெச்சாக்கூட அதுக்குத் தெரியாதுன்னு பந்தயம் போட்டார்."

"பலகைய யாரு எடுத்தது?"

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாமா கேட்டாரு. பலகை இருந்தா முழிச்சுக்குதுன்னு... ஒரு நிமிஷம்தானேன்னு எடுத்துக் குடுத்தேன்."

கட்டுப்போட்டு முடித்துவிட்டு, பலகையைக் கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டேன்.

அன்று மாலையே நாத்தனார் கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமில்லாத வழக்கமாக என் தோளில் கை வைத்தார். "நாளைக்கு அந்தம்மா வர்றா. அது பாட்டுக்குக் கடிச்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. உனக்கும் சனியன் விட்டுது. தினம் அந்தக் கண்ராவியக் கழுவறியே, எனக்கே உன்னைப் பாத்தாப் பாவமா இருக்கு. பந்தயம் கிந்தயம்னு சொன்னா அவரோட கடையில பேரு என்ன ஆகறது?"

"அத ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க அண்ணி."

"நாம்பளா போடப் போறோம்?"

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. ஒரு வார்த்தை சொன்னால் என் வீடு எனக்குச் சுத்தமாகத் திரும்பி வந்துவிடும். அதை நான் யோசிக்காமலும் இல்லை.

மறுநாள் காப்பகத்துப் பெண்மணி வந்தார். அண்ணன் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி, பாராட்டு விழாவில் மாலை போட்டுக்கொண்ட ஆள் மாதிரி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாயில்லா ஜீவன், எங்களுக்கு அது மேல ஒரு கோவமும் இல்லம்மா" என்று தொடங்கினார் நாத்தனார். "ஆனா வீட்டுல மனுசங்க இருக்கணுமில்ல? இதோ, இவளையே கேளுங்க. இவதான் எல்லாம் பாக்கறா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவரும் பார்த்தார், கெஞ்சுகிற பார்வை. எதற்குக் கெஞ்சினார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

"இவரு சும்மா அந்தப் பக்கமாப் போகல. தூங்கற நாயோட புண்ணு காதுல ஐஸ் கட்டிய அழுத்தியிருக்காரு" என்றேன். "அது முழிச்சுக்கக் கூடாதுன்னு பலகையையும் எடுத்துட்டாங்க."

"ஏம்மா, நீ கடைக்குப் போயிருந்தே! நேர்ல பாத்த மாதிரி பேசறே!" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

"நேர்ல பாத்தவரு இருக்காரு" என்றேன்.

காப்பகத்துப் பெண்மணி என் கணவர் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நாய்க்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே மனிதர் கட்டைவிரல் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாந்தியைத் தின்ற நாயைக்கூட அவ்வளவு அருவருப்போடு நான் பார்த்ததில்லை. கடைசியில் தலை ஒரு முறை அசைந்தது. ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் பலகையின் ஓரத்தைக் காலால் தொட்டார். சுண்ணாம்பு தலையைத் தூக்கியது. மடலைப் புரட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கிப்போனது.

"இதுக்குப் பேரு கடி இல்ல. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன், ஊசி வராது" என்றார் என்னிடம். "ஆனா இத இங்க விட்டுட்டுப் போக எனக்கு மனசில்லைங்க. கூட்டிட்டுப் போனாலும் இந்தக் காதோட யாரும் எடுக்க மாட்டாங்க. காலம் பூரா கூண்டுதான். என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

"பின்கட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டுடறேன். சாவி என்கிட்ட இருக்கும்."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட?"

"அவருகிட்டயும் குடுக்க மாட்டேன்."

நாத்தனார் விருட்டென்று எழுந்து மாடிக்குப் போனார். போகும்போது படியில் நின்று, "நாய்க்காகக் குடும்பத்த சந்தி சிரிக்க வெச்சுட்டா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் பின்னாலேயே போனார். வாசனை மட்டும் கூடத்தில் தங்கிவிட்டது. ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தேன்.

காப்பகத்து வண்டி காலியாகவே திரும்பிப் போனது.

சாயங்காலம் பலகையில் உட்கார்ந்து காதைச் சுத்தம் செய்தேன். ஐஸ் பட்ட இடம் புண்ணாகி இரத்தமும் சீழும் கலந்து வடிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். எனக்கு அது மேல் அன்பு பொங்கிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வாடை அதே வாடைதான். வலியில் அது என் முழங்கையைக் கவ்வியது. பல் படவில்லை, எச்சில்தான் வழிந்தது.

என் கணவர் கதவுக்கு வெளியே வந்து நின்றார். பூட்டைப் பார்த்தார்.

"கோவமா?"

நான் பஞ்சைத் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஏதாவது பண்ணட்டுமா? சொல்லு, பண்றேன்."

"கைய நீட்டுங்க" என்றேன்.

நீட்டினார். காதிலிருந்து எடுத்த பஞ்சுகளை, மஞ்சளும் சிவப்புமாகச் சொதசொதவென்று இருந்தவற்றை, ஒவ்வொன்றாக அவருடைய வெறும் உள்ளங்கையில் வைத்தேன். அவர் ஓங்கரித்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"இன்னும் இருக்கு" என்றேன். "அந்தக் கையையும் நீட்டுங்க."