நாற்பத்திரண்டு கிளைகளும் நானும்

சோம்பலில் நான் அந்தப் புரோகிராமை எழுதவில்லை. நான் வேலை செய்த கந்தோரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2007ஆம் ஆண்டு, யுத்த காலம். கண்டியில் ஒரு மருந்துக் கம்பனி, மலைநாடு முழுக்க நாற்பத்திரண்டு கிளைகள். ஒவ்வொரு கிளையையும் தலைமைக் கந்தோரோடு இணைக்க ஒரு ரவுட்டர் இருந்தது. அதில் ஒரு வரி மாற்றுவதென்றாலும் நானும், என்னோடு வேலை செய்யும் வயதில் மூத்த ஹபீல் நானாவும் கம்பனி வான் வண்டியில் ஏறிக் கிளை கிளையாகப் போக வேண்டும். சோதனைச் சாவடியில் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். என்னுடையதில் யாழ்ப்பாணம் என்று இருக்கும், உடனே இறங்கச் சொல்வார்கள். ஹேவாஹெட்ட வீதியில் ஒருநாள் மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றேன். அந்தக் கோபத்தில்தான், எல்லா ரவுட்டர்களுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பும் புரோகிராமை எழுதினேன். இனி ஏன் இறங்க வேண்டும்?

யாரை உள்ளே விடலாம் என்று ரவுட்டருக்குள் ஒரு பட்டியல் இருக்கும். அதைப் புதுப்பிக்க ஒரு செவ்வாய்க்கிழமை காலை புரோகிராமை ஓட்டினேன். அது பழைய பட்டியலை அழித்துப் புதியதின் முதல் வரியை எழுதியது. எழுதிய நொடியே, அந்த வரியில் இல்லாத எல்லோரையும் ரவுட்டர் வெளியே தள்ளிவிட்டது. என் கணினி இருந்தது இரண்டாவது வரியில்! கையால் செய்திருந்தால் ஒரு கிளையோடு போயிருக்கும். என் கெட்டித்தனத்தால் நாற்பத்திரண்டும் போயின. ஒரு கிளையிலும் பில் போட முடியவில்லை.

"என்னத்தச் செஞ்ச தங்கச்சி?" என்றார் ஹபீல் நானா.

"பிழை விட்டிட்டன். புதுசை இன்னும் சேமிக்கேல்லை. ரவுட்டரை நிப்பாட்டித் திரும்பப் போட்டால் பழையது வந்திடும்."

"லைன் பழுதுன்னு சொல்லுவம். நீதான்னு தெரிஞ்சா பொலிஸுக்குப் போயிரும். காலம் சரியில்ல."

அவர் சொன்னது உண்மை. நாசவேலை என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், வேலை போவதோடு நானும் சிறைக்குள் போய்விடுவேன். ஆனால் லைன் பழுது என்றால் கிளைகள் நாள் முழுக்கக் காத்திருக்கும். மருந்துக்கு வந்தவர்கள் என்ன செய்வார்கள்? போனை எடுத்தேன்.

முதலில் தெல்தோட்டைக் கிளை. களஞ்சியப் பொறுப்பாளர் ராஜலிங்கம் எடுத்தார்.

"நான் கண்டிக் கந்தோர் சத்தியபாமா. பிழை என்ரதான். அலுமாரிக்கு மேல இருக்கிற ரவுட்டர் பெட்டியை நிப்பாட்டித் திரும்பப் போடுங்கோ."

"அட, அவ்வளவுதானா? இருங்க." சிறிது நேரத்தில் திரும்ப வந்தார். "வந்திருச்சுங்க. ஹேவாஹெட்ட கிளைக்கு நானே சொல்லிடுறேன், நீங்க அடுத்தத பாருங்க."

ஹபீல் நானாவும் மற்றப் போனை இழுத்துக்கொண்டார். நண்பகலுக்குள் நாற்பத்தொரு கிளைகள் மீண்டுவிட்டன. கடைசிக் கிளையின் மனேஜர் மட்டும் என் சிங்கள உச்சரிப்பைக் கேட்டதும் பெயர் கேட்டார். சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

கால் மணித்தியாலத்தில் பொது மனேஜர் ரணவீர என் மேசை முன்னால் நின்றார். ஒரு தமிழ்ப் பெண் மெஷினை நிறுத்தச் சொல்கிறாளாம், முறைப்பாடு வந்திருக்கிறது. நான் எதையும் ஒளிக்கவில்லை. புரோகிராமை ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். சாவடியில் நான் இறக்கப்படுவது அவருக்குத் தெரியாதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. யாரும் கேட்டால்தானே தெரியும்!

அவர் என் போனிலேயே அந்தக் கிளையை அழைத்தார். "நாசவேலை செய்கிறவள் தன் பெயரைச் சொல்லித் தன் பிழையையும் ஒப்புக்கொள்வாளா?" என்று சிங்களத்தில் அதட்டினார். "அவள் எங்கள் எஞ்ஜினியர். சொல்வதைச் செய்." பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார். கடைசிக் கிளையும் மீண்டு வந்தது.

வேலைநீக்கக் கடிதம் தருவார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் கதவருகே திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குத் திரும்ப ஓட்டு. முதலில் ஒரு கிளையில் மட்டும்."

அவர் புரோகிராமைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு நாளைக்கு என்ற சொல் மட்டும்தான் கேட்டது. அவர் முன்னாலேயே அழுதேன், வெட்கப்படவில்லை.