தபீதாள் டீச்சர் வீட்டுப் பூனைகளின் சொந்த ஊர்

1966 பிப்ரவரியில் கிழக்குத் தாம்பரத்தில் தபீதாள் டீச்சரின் வரிப்பூனை ஒரே ஈற்றில் ஐந்து தேசத்துக் குட்டிகளைப் போட்டது. அதே வாரம் புழுங்கலரிசி விலையும் ஏறியிருந்ததால் தெருவில் பாதிப்பேர் இதைக் கவனிக்கவில்லை. தகப்பன்மார் யாராக இருக்கும் என்ற ஆராய்ச்சியை மீதிப்பேர் எடுத்துக்கொண்டார்கள்.

குட்டிகள் கண் திறந்து நிறம் ஏறியதும் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் தடித்த இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்து, ஒவ்வொன்றையும் பிடரியில் தூக்கிப் பார்த்துச் சொன்னார். வெளுத்த உடம்பு, கறுத்த முகம், நீலக் கண் என்றால் சயாம். சப்பை மூக்கும் பஞ்சு மூட்டை உடம்பும் பாரசீகம். பட்டு முடி வெள்ளைக்காரி துருக்கியின் அங்கோரா. வாலில்லாதவன் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் கிடக்கும் மான் தீவைச் சேர்ந்தவன், அறுந்த வாலல்ல, பிறவியே அப்படி. முயல் நிறத்தில் ஒல்லியாக இருந்த ஐந்தாவது, அபிசீனியா. குட்டிகள் வளர வளர இன்னொன்றும் தெரிந்தது. எது தூங்கினாலும் அதன் தேசத்தில் அந்த நேரத்தில் என்ன வானிலையோ அது அறைக்குள் வந்தது. சயாம் தூங்கினால் பாய் நனைந்தது. மான் தீவுக்காரன் தூங்கினால் குளிர்ந்த கடல்காற்று. மே மாதம் தெருவின் தயிர்ச்சட்டிகளெல்லாம் அவன் பக்கத்தில்தான் இருந்தன. மீனம்பாக்கத்து வானிலை ஆபீசில் வேலை பார்த்த ஸ்ரீநிவாசராகவன் வெப்பமானியோடு வந்து தினமும் குறித்துக்கொண்டு போனார். அபிசீனியா மட்டும் குழப்பியது. அது தூங்கினால் நம் கடற்கரைப் புழுக்கமே வந்தது. அபிசீனியச் சண்டை முடிந்து திரும்பிய கப்பலில் வந்ததாக எண்ணி வெள்ளைக்காரன் வைத்த பேர் அது, புத்தகத்துக்கே அதில் சந்தேகம்தான் என்றார் டாக்டர்.

இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவள் ஹில்டா, ரயில்வே குமாஸ்தா அசரியாவின் அக்கா. அசரியாவும் தபீதாளும் ஆறு வருஷமாக ஒரே மின்சார ரயிலில் போய் வந்தார்கள். ஆனால் அக்கா தலையாட்டாமல் அவன் சட்டைத்துணிகூட எடுக்கமாட்டான். தபீதாள் மிஷன் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள்; பதிவேட்டில் சொந்த ஊர் என்ற இடத்தில் வெறும் கோடு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பாக ஓலை வாசிக்கும்போது பெண்ணின் ஊரையும் வாசிப்பார்கள். தாம்பரத்துக்கு வந்து இருபது வருஷமாகியும் தெற்கத்தி நாசரேத்துக்காரியாகவே இருந்த ஹில்டா, கோடு போட்ட ஊரைப் பாதிரியார் எப்படி வாசிப்பார் என்று கேட்டே அந்த ஆறு வருஷத்தையும் ஓட்டியிருந்தாள். தபீதாளுக்கு முப்பத்துமூன்று ஆகிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர்," என்றாள் ஹில்டா. "பேரை நம்ப முடியாது, தூக்கத்தை நம்பலாம்போல இருக்கு. எங்க முன்னால ஒரு மத்தியானம் தூங்கிக் காட்டுங்க. எந்த ஊர் வருதுன்னு பாத்துருவோம்."

"வேற ஊர் வந்தா அங்க போயிடச் சொல்லுவீங்களா அக்கா?"

ஹில்டா பாயை விரித்தாள்.

1967 மே மாதம், கத்திரி வெயில். மான் தீவுக்காரன் எத்தனை தடவை தூக்கிப்போட்டாலும் திரும்பிவந்து டீச்சரின் காலடியிலேயே சுருண்டான். அறைக்குள் ஐம்பத்தொரு டிகிரி பாரன்ஹீட். ஸ்ரீநிவாசராகவன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வெப்பமானியைப் பார்த்திருந்தார். அசரியாவையும் சேர்த்து மூன்று பேர் முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும். அரை மணி நேரமாகியும் குளிர் நகரவில்லை. பூனைக்கு இருக்கிற ஊர்கூட இவளுக்கு இல்லையே என்று பெருமூச்சு விட்டு ஹில்டா எழுந்தாள். தபீதாளின் மூடிய கண்ணோரம் ஈரமானதை அசரியா பார்த்தான்.

"உக்காருக்கா," என்றான். "அவ இன்னும் தூங்கல."

அக்காவை அவன் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டுவிட்டுத்தான் தபீதாள் தூங்கினாள். அறுபது, எண்பது, நூறு என்று ஏறிய வெப்பமானி நூற்றைந்தில் நின்றது. பூனை எழுந்து வெளியே போய்விட்டது. ஸ்ரீநிவாசராகவன் மப்ளரைக் கழற்றிவிட்டுத் தெருவில் போய் அளந்தார். அங்கேயும் நூற்றைந்து.

பால் ஊற்ற வந்த பச்சையம்மா, ரயில் வருவதற்கு முன்பிருந்தே அங்கே எருமை வளர்த்த குடும்பம், உள்ளே தலையை நீட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மானி இன்னாத்துக்கு சார்? இது எங்கூரு வெயிலு. எனக்குத் தெரியாதா?"

நாசரேத்திலும் இதே வெயில்தான் என்று முனகிப்பார்த்த ஹில்டா, டீச்சரை எந்தக் காரணத்துக்காகவும் நாசரேத்துக்காரியாக்க மனம் வராமல், தாம்பரத்துக்கே விட்டுக்கொடுத்தாள்.

ஆகஸ்டில் மூன்று ஞாயிறும் 'தாம்பரத்தைச் சேர்ந்த தபீதாள்' என்று ஓலை வாசித்தார்கள். பச்சையம்மா பால் கேனோடு கோயில் ஜன்னலில் நின்று மூன்று தடவையும் கேட்டாள். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஐந்து பூனைகளும் தாயோடு அசரியா வீட்டுக்குக் குடிபோயின.

ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது, தபீதாள் தூங்கியதும் கட்டிலின் மேலும் மழை பெய்தது. ஓடு ஒழுகுகிறது என்று நினைத்துப் பழைய வீட்டில் இரண்டு தடவை கூரையை மாற்றியிருந்தாளாம். அசரியா எழுந்துபோய் ஆபீஸ் குடையை எடுத்துவந்து, உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.