சகலையின் மதிப்பெண்

பூட்டுக்காரர் என்று அலுவலகத்தில் அவரை அழைப்பார்கள். அவர் பூட்டு விற்பவர் அல்ல. அந்த வாரப் பத்திரிகையின் கணினிகளுக்குக் காவல். கடவுச்சொல்லை மாற்றாதவர்களைத் துரத்துவது, சந்தாதாரர்களின் முகவரிகள் வெளியே கசியாமல் பார்ப்பது, அடுத்த வார அட்டைப்படம் அச்சேறும் முன்பே ஊர் சுற்றக் கிளம்பிவிடாமல் தடுப்பது, எல்லாம் அவர் தலையில். யார் எதிரே வந்தாலும் "எழுந்து வரும்போது கம்ப்யூட்டரப் பூட்டினீங்களா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் சகலை பேச்சை எடுத்தால் மட்டும் முகம் சுண்டிப்போகும்.

மனைவியின் தங்கையைக் கட்டியவன் வேறு ஏதாவது தொழில் செய்திருந்தால் தொல்லை இல்லை. பல் பிடுங்குபவனாக இருந்திருந்தால் இவர் எதற்கு அவனோடு தன்னை எடை போட்டுப் பார்க்கப் போகிறார்? உலகத்தில் இத்தனை தொழில் இருக்க, அவனும் இதே காவல் வேலைக்கு வந்தான். அதுவும் போட்டிப் பத்திரிகையில். அது போதாதென்று, பத்திரிகை வெளியீட்டாளர் சங்கம் வருடா வருடம் ஓர் ஒப்பீடு வெளியிட ஆரம்பித்தது. எந்தப் பத்திரிகையில் பழைய மென்பொருள் ஓடுகிறது, எங்கே வாசகர் விவரங்களைச் சட்டம் சொல்கிறபடி வைத்திருக்கிறார்கள், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை எத்தனை சீக்கிரம் மூடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண். போன வருடம் சகலைக்கு எண்பத்தெட்டு. பூட்டுக்காரருக்கு அறுபத்து மூன்று.

"தங்கச்சி போன் பண்ணா. அவருக்கு எம்பத்தெட்டாம்" என்றாள் மனைவி.

"என்னது, ரத்த அழுத்தமா?"

"போங்க. மார்க்கு. உங்களுக்கு எவ்வளவுன்னு கேட்டா. இன்னும் வரலைன்னு சொல்லிட்டேன்."

அவள் பொய் சொன்னது அவருக்காகத்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

முதலாளி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இந்த வருஷமும் பின்னாடிதான் வருவோம்னா, உங்க சகலையவே இங்கயும் சேர்த்துப் பாத்துக்கச் சொல்லிடறேன். அவருக்குக் கீழ நீங்க இருந்துக்கலாம். சொந்தக்காரங்கதானே, ஒத்துப்போகும்" என்றார். அன்றைக்குப் பூட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. விருந்துக்குப் போனால் 'வாங்கண்ணே' என்று எழுந்து நிற்கிறவனுக்குத் திங்கட்கிழமை எழுந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டும். அதற்கு வேலையை விட்டுவிடலாம். விட்டால் வீட்டில் என்ன சொல்வது?

மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். பொய் மின்னஞ்சல் சோதனை. திருடன் அனுப்புவது போலவே ஒரு மின்னஞ்சலைச் சங்கம் எல்லா ஊழியர்களுக்கும் அனுப்பும். அதில் உள்ள இணைப்பை எத்தனை பேர் திறக்கிறார்களோ அத்தனைக்கும் மதிப்பெண் வெட்டு. வங்கியிலோ மருத்துவமனையிலோ 'தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே' என்று சொல்லிவிடலாம். பத்திரிகை அலுவலகத்தில் தெரியாதவர் அனுப்புவதைத் திறப்பதுதானே பிழைப்பு? வாசகர் கடிதம் பார்க்கும் அம்மாவைத் தபால் அக்கா என்பார்கள். அவரிடம் போன வருடம் இதைச் சொல்லிப் பூட்டுக்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சவங்க யாரு தம்பி எனக்குக் கவிதை அனுப்பறாங்க? தெரிஞ்சவங்க போன்ல திட்டறதோட சரி. தெரியாதவங்கதான் பாவம் உக்காந்து எழுதறாங்க."

அதனால் இந்த வருடம் வேறு வழி செய்தார். அலுவலகத்தின் மற்றக் கணினிகளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒரு பழைய கணினியைத் தபால் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் வைத்து, "வெளியில இருந்து வர்றது எல்லாத்தையும் இதுல மட்டும் திறங்க. குண்டு வெடிச்சாலும் இதோட போயிடும்" என்றார். அக்கா அதற்கு ஒரு துணி உறைகூடத் தைத்துப் போட்டார். சொன்னபடி ஒரு நாள் தவறாமல் நடந்துகொண்டார். மற்றவர்களையும் பூட்டுக்காரர் விடவில்லை. காலையில் வணக்கம் சொன்னவர்களிடம் பதில் வணக்கத்துக்குப் பதிலாக 'அனுப்புநர் முகவரியப் பாத்தீங்களா?' என்று கேட்டார்.

இந்த வருடம் சங்கமும் வழியை மாற்றியது. ஒரு பத்திரிகையின் காவலர் இன்னொரு பத்திரிகைக்குப் பொய் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். யாருக்கு யார் என்று குலுக்கிப் போட்டதில் பூட்டுக்காரரும் சகலையும் எதிரெதிராக வந்து விழுந்தார்கள். விதிகளைச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பூட்டுக்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. சகலையின் புதுத் தோல்பையையும், அவன் ஏதோ சொன்னதற்குப் பக்கத்தில் இருந்த நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்ததையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூண்டில் போடுவதற்குப் புழு அவர் கையிலேயே இருந்தது. கொழுந்தியாள் ஒரு நாள் சாப்பாட்டின்போது, "அவங்க ஆபீஸ்ல சம்பள உயர்வு தள்ளிப் போயிட்டே இருக்கு மாமா, எல்லாரும் கடுப்புல இருக்காங்க" என்று சொல்லியிருந்தாள். குடும்பத்தில் கேட்டதைத் தொழிலுக்குக் கொண்டுவரலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். ஒரே நிமிடம்தான். 'ஊதிய உயர்வுப் பட்டியல்: உங்கள் பெயர் விடுபட்டுள்ளது' என்று தலைப்புக் கொடுத்து அனுப்பினார். அனுப்பியபோது வெகு நாளைக்குப் பிறகு மனசுக்கு இதமாக இருந்தது. அது கெட்ட இதம் என்று அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை தேநீரோடு உட்கார்ந்தவருக்கு ஒரு மின்னஞ்சல். 'இவ்வாண்டு மதிப்பெண் ஒப்பீடு: வரைவு. உறுப்பினர் பார்வைக்கு மட்டும்.'

வரைவு வந்துவிட்டதா! இவ்வளவு சீக்கிரமா? அவனுக்கு எவ்வளவு? தொண்ணூறைத் தாண்டியிருப்பானா? ஊருக்கெல்லாம் 'அனுப்புநர் முகவரியப் பார்' என்று ஓதியவருக்கு அனுப்புநர் முகவரி கண்ணிலேயே படவில்லை. கண் முழுக்கச் சகலைதான் நின்றான். விரல் அழுத்திவிட்டது.

திரை சிவந்தது. 'இது ஒரு சோதனை. நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். பதற வேண்டாம். உங்கள் அலுவலகப் பாதுகாப்பு அதிகாரியை உடனே அணுகவும்.'

அணுக வேண்டிய அந்த அதிகாரியேதான் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று, இனி குடைச்சலை யார் தாங்குவது? இந்நேரம் சகலை திரையில் தன் பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். மனைவியிடம் சொல்வான். அவள் அக்காவிடம் சொல்வாள். முதலாளிக்குப் போகும். போகட்டும் என்று விட முடியாமல், வாழ்நாளில் முதல் முறையாகச் சகலையின் அலுவலகப் படியேறினார்.

அவன் அறையில் ஜன்னல் இருந்தது. ஜன்னலோரம் ஒரு செடி, அதுவும் சாகாமல் இருந்தது. பூட்டுக்காரரின் அறையில் வைத்த செடிகள் மூன்றும் ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தவை.

"வாங்கண்ணே! சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று சகலை எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நாற்காலியெல்லாம் வேண்டாம். என் பேரை எடுத்துடு."

"எந்தப் பேரு?"

"தெரியாத மாதிரி நடிக்காத தம்பி. தெரியாம அழுத்திட்டேன். உனக்கு இதுல பெருமை இருந்தா வெச்சுக்கோ. முதலாளிக்கு மட்டும் போகக் கூடாது."

சகலை விழித்தான். பிறகு மெதுவாகத் தன் திரையை அவர் பக்கம் திருப்பினான். அதில் பெயர்களே இல்லை. அவருடைய பத்திரிகைக்கு நேரே ஓர் எண் மட்டும் இருந்தது. ஒன்று.

"பேரு வராதுண்ணே. யாரும் அவமானப்படக் கூடாதுன்னு எண்ணிக்கை மட்டும்தான்னு சங்கத்துல படிச்சாங்களே."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதையாகிவிட்டது. பூட்டுக்காரர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"அந்த ஒண்ணு நீங்களா?" என்று கேட்ட சகலை சிரிக்கவில்லை. "எனக்குப் புரியலண்ணே. யாரும் சீந்த மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் அந்தத் தலைப்பையே போட்டேன். மார்க்கு ஒப்பீட்ட எந்த ரிப்போர்ட்டர் திறந்து பாப்பாரு? உங்க முதலாளி பேசினது காதுல விழுந்துச்சு. அது எனக்கும் பிடிக்கல. இந்தத் தடவை உங்களுக்கு நல்லா வரட்டும்னு நெனச்சேன்."

பூட்டுக்காரர் பார்வையை ஜன்னலோரச் செடி பக்கம் திருப்பினார்.

"உங்க மெயில்ல எங்க ஆளுங்க பாதிப் பேரு விழுந்துட்டாங்க" என்று சகலை இப்போதுதான் சிரித்தான். "சம்பளம்னு போட்டா யாருதான் விடுவாங்க? நல்லா மாட்டிவிட்டீங்கண்ணே!" நிஜமான சிரிப்பு. அதில் எங்காவது ஒரு துளி விஷம் இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

ஒப்பீடு வெளியான அன்று சங்கத்தின் கூடத்தில் எல்லாப் பத்திரிகைக்காரர்களும் கூடியிருந்தார்கள். பூட்டுக்காரரின் வாரப் பத்திரிகை இரண்டாவது இடம். சகலையின் பத்திரிகை ஏழாவதுக்குப் போய்விட்டது. பொய் மின்னஞ்சல் சோதனையில் எல்லோரையும்விடக் குறைந்த எண்ணிக்கை பூட்டுக்காரருடையது என்று செயலாளர் தனியாகச் சொல்லிப் பாராட்டினார். எத்தனையோ வருடமாகக் கனவு கண்ட நாள். கைதட்டல் அவருக்குக் கல்லெறி போல விழுந்தது. கூட்டத்தில் ஓங்கித் தட்டியவன் சகலை.

வெளியே தேநீருக்கு நிற்கும்போது முதலாளி தோளில் கை போட்டார். பக்கத்தில் சகலையும் தன் கோப்பையோடு வந்து நின்றான்.

"அசத்திட்டீங்க. இனிமே உங்க நாற்காலிய யாரும் அசைக்க முடியாது" என்றார் முதலாளி. "அந்த ஒண்ணு மட்டும்தான் உறுத்துது. யாருன்னு எனக்குத் தெரியும். தபால் அக்காதான், வேற யாரு? திறக்காம இருக்க அவங்களால முடியாது. நாளைக்கே கணக்க முடிச்சு அனுப்பிடுங்க. அடுத்த வருஷம் நாமதான் முதலிடம்."

பூட்டுக்காரர் சகலையைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும் அவனுக்கு. சொன்னால் அக்கா பிழைப்பார், இந்தப் பெருமையும் உடைந்துபோகும், நாற்காலி அவனுக்கே வரும். சொல்லடா, சொல்லித் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினார். சொன்னால் இனி நிம்மதியாக அவனை வெறுக்கலாம். சகலை வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதை முழுக்க அவரிடமே விட்டுவிட்டுத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். இத்தனை வருடப் பொறாமைக்கு நியாயமாக ஒரு காரணம்கூடத் தராத பாவி.

"அக்கா இல்லீங்க. அது நான்" என்றார் பூட்டுக்காரர்.

முதலாளி முதலில் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நீங்களா? ஊருக்கே பாடம் எடுக்கறவரு. எதுக்குய்யா திறந்தீங்க?"

பூட்டுக்காரர் சகலை பக்கம் கையைக் காட்டினார்.

"இவனுக்கு எவ்வளவுன்னு பாக்கத்தான்."