முன் தண்டு, இடது பக்கம்

ஏசுபாதத்துக்கு உட்கார்ந்தால் இடுப்பு, நின்றால் கால், படுத்தால் முதுகு. இந்த மூன்றையும் விட்டால் மனிதன் வேறு எப்படித்தான் இருப்பது என்று டாக்டரும் சொல்லவில்லை, கடவுளும் சொல்லவில்லை. அதனால் அறுபது வயதில் அவர் எந்த இடத்திலும் பத்து நிமிடம் நிலைத்திருப்பதில்லை. சிறுசேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் அவருக்குச் செக்யூரிட்டி வேலை. நாற்காலியில் கொஞ்ச நேரம், கேட்டில் சாய்ந்து கொஞ்ச நேரம், கார் வந்தாலும் வராவிட்டாலும் ரோடு வரைக்கும் ஒரு நடை. அங்கே குடியிருப்பவர்கள், ரொம்பச் சுறுசுறுப்பான மனுஷர் என்று சங்கச் செயலாளரிடம் பாராட்டிச் சொல்லியிருந்தார்கள். ஏசுபாதம் அதைத் திருத்தப் போகவில்லை.

அடி பட்டது முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால். செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது, அடுக்கி வைத்த மரம் சரிந்து இடது தொடையிலும் இடுப்பிலும் விழுந்தது. மூன்று மாதம் படுக்கை. எலும்பு கூடியது, ஆனால் கூடியபோது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து வலி அவரோடு குடித்தனம் நடத்துகிறது. மழைக்கு முந்தின நாளே வந்து உட்கார்ந்துகொள்ளும், பனிக்காலத்தில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதைப் பற்றி அவர் வேலைக்குப் போகும் வேனில் பேசுவார், டீக்கடையில் பேசுவார், பூசை முடிந்து வருகிறவர்களை நிறுத்திவைத்துப் பேசுவார். கேட்கிறவர் தப்பித்தவறி, எனக்கும் முட்டியில் வலி என்று சொல்லிவிட்டால் போச்சு, முகம் சுருங்கிவிடும். வலி விஷயத்தில் பங்காளி வருவது அவருக்குப் பிடிக்காது.

வருடத்தில் ஒரே ஒரு சாயங்காலம் அவர் வலியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அது செப்டம்பரில், மாதா திருநாள் அன்று. சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே அவர்கள் தெருக் கோவிலில், மாதா சொரூபத்தை வைத்துத் தோளில் தூக்கிப்போக ஒரு சின்னச் சப்பரம் உண்டு. குறுக்கே இரண்டு தண்டு, நான்கு ஆள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். முன் தண்டின் இடது பக்கம் ஏசுபாதம். வலது பக்கம் மோசஸ். கால் உடைவதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். சப்பரம் மூன்று தெருவும் சுற்றிக் கடற்கரை ரோடு வரை போய்த் திரும்பும். அந்த ஒன்றரை மணி நேரம் அவரை யாரும் நொண்டி என்று நினைப்பதில்லை. மீதி நாளெல்லாம் அவர் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

மோசஸ் அவர் மனைவி மார்கரெட்டின் பெரியப்பா மகன், மச்சான் முறை. ஏசுபாதத்தைவிட அரை அடி உயரம், இரண்டு வயது மூப்பு. இருபது வயதிலிருந்து இருவரும் லோடு ஏற்றுவதில் ஜோடி. ஏசுபாதம் குணமாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் பதினோரு வருடம் அந்த ஜோடி பிரியவில்லை. சப்பரம் தூக்கும்போது மோசஸ் முட்டியை மடக்கி, வாத்து மாதிரி நடப்பார். அதைச் சொல்லிச் சொல்லி ஏசுபாதம் டீக்கடையில் எத்தனையோ முறை சிரிக்க வைத்திருக்கிறார்.

"கனம் மொத்தமும் என் தோள்லதான்யா. எம் மச்சான் முட்டிய மடக்கிகினு தண்டுக்கு அடியில பதுங்கிகினு வரான். தூக்கறது நானு, பேரு ரெண்டு பேருக்கும்!"

பக்கத்தில் உட்கார்ந்து மோசஸும் சிரிப்பார்.

இந்த வருடம் திருநாளுக்குப் பத்து நாள் இருந்தபோது, காலை வேனில், இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஏசுபாதம் உட்கார்ந்திருந்தார். போன் ஒலித்தது. திருநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்திருந்தது. சமையல், பந்தல், பாட்டு, சப்பரம். சப்பரத்துக்கு நான்கு பேர். முன்னால் தாவீது, ஜெரோம். பின்னால் சின்னையன், உலகநாதன். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். தன் பெயரும் இல்லை, மோசஸ் பெயரும் இல்லை.

பட்டியல் போட்டது ஜெனிட்டா. கோவில் குழுச் செயலாளர், ஐ.டி. ஆபீஸில் வேலை. ஏசுபாதம் அங்கேயே போன் போட்டார். வேனில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"எம் பேரு எங்கம்மா?"

"பெரியப்பா, கோச்சுக்காதீங்க. மோசஸ் மாமாதான் போன் பண்ணி சொன்னாரு. ரெண்டு பேரு பேரும் வேணாம், வயசுப் பசங்கள போடுன்னு."

"அவன் பேர அவன் எடுத்துக்கட்டும். எம் பேர எடுக்க அவன் யாரு?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஏசுபாதத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேன் கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் மோசஸை மனசுக்குள் நூறு முறை திட்டித் தீர்த்துவிட்டார். வயதானதும் பொறாமை வந்துவிட்டது அவனுக்கு. தன்னால் முடியவில்லை, அதனால் இவனும் தூக்கக் கூடாது. அன்று கேட்டுக்கும் ரோட்டுக்கும் அவர் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை.

வீட்டிலும் அதே நடைதான். மார்கரெட் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அடுப்படிக்கும் வாசலுக்கும் போய்வந்துகொண்டிருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாயா, கால்ல சக்கரம் கட்டிகினியா? ஒரு எடத்துல குந்து."

"உங்க அண்ணன் பண்ண வேலயப் பாத்தியா?"

"பாத்தேன். ஒரு எட்டு போயி கேளேன், ஏன்னு."

"நான் போவேனா? அவன் வரட்டும் எங்கூட்டுக்கு."

"அவரு எங்க வர்றது. ஈஸ்டர்லேர்ந்து அவரு தெருவுக்கே வர்ல. உனக்குத்தான் உங்கால விட்டா வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாதே."

அது அவர் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. மோசஸ் டீக்கடைக்கு வராததைத் தன்னைப் பார்க்க வெட்கப்பட்டு ஒளிகிறான் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சப்பரத்தை வெளியே எடுத்து ஒத்திகை பார்ப்பது வழக்கம். சொரூபத்துக்குப் பதிலாக நடுவில் இரண்டு மணல் மூட்டையைக் கட்டிவைப்பார்கள். ஏசுபாதம் காலையிலேயே இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொண்டு, துண்டை நான்காய் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரு நடை," என்றார் அவர். "கோவிலேர்ந்து கொடிக்கம்பம் வரைக்கும் ஒரே ஒரு நடை தூக்கறேன். மூட்ட கொஞ்சம் அசஞ்சாலும் நானே போயிடறேன், ஒரு வார்த்த பேசமாட்டேன். அசயலன்னா எம் பேர எழுதிடும்மா."

ஜெனிட்டா சின்னையனைப் பார்த்தாள். சின்னையனுக்கு ஐம்பது வயது, இருபது வருடமாகப் பின் தண்டு பிடிக்கிறவர். அவர் தரையைப் பார்த்தார். கடைசியில் ஜெரோம் துண்டை எடுத்துக்கொண்டு விலகினான். வலது பக்கம் தாவீது நின்றான். மோசஸ் உயரத்துக்கு இருப்பான். கட்டிட வேலைக்குப் போய் இறுகின உடம்பு.

தூக்கினார்கள். தண்டு தோளில் உட்கார்ந்ததும் ஏசுபாதத்துக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வலது காலை வைத்தார். இடது காலை வைத்தார். வைத்ததும் சப்பரம் சட்டென்று அவர் பக்கம் இறங்கியது. அவருக்குப் புரியவில்லை. மறுபடி வலது, மறுபடி இடது. மறுபடியும் இறங்கியது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு முறைகூட இப்படி இறங்கியதில்லை.

"பெரியப்பா, நேரா வாங்க," என்றான் தாவீது.

"நேராத்தாண்டா வரேன்!"

நான்காம் முறை இடது காலை வைத்தபோது மூட்டை கயிற்றை இழுத்துக்கொண்டு சரிந்தது. பின்னாலிருந்து உலகநாதன் கத்தினார். யார் யாரோ ஓடிவந்து பிடித்தார்கள். அதற்குள் ஒரு மூட்டை விழுந்து வாய் பிளந்து, மணல் சிமெண்ட் தரையெல்லாம் கொட்டிவிட்டது. கொடிக்கம்பம் இன்னும் இருபது அடி தூரத்தில் இருந்தது.

ஏசுபாதம் மூச்சு வாங்க நின்றார். இடுப்பில் யாரோ கடப்பாரையை விட்டுத் திருகுவது போலிருந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"நீ புடிச்சதுதாண்டா சரியில்ல. மச்சான் புடிச்சா இந்த மாரி ஆவாது. இத்தினி வருசம் ஒரு தபா சாஞ்சிகீதா? கேளு, எல்லாரையும் கேளு!"

தாவீது பாவம், மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்னையனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணாத்த, அவன இன்னாத்துக்குத் திட்டற? அவன் நிமிந்து நடக்கறான், நிமிந்துதான் நடக்கணும். மோசஸ் அண்ணன் உனக்காவ குனிஞ்சாரு."

"இன்னா சொல்ற?"

"நீ இடது கால வெக்கச்சொல்லோ எல்லாம் அவரும் முட்டிய மடக்கி எறங்குவாரு. நீ எவ்ளோ எறங்கறியோ அவ்ளோ. முன்னால போற உனக்குத் தெரியாது. பின்னால வர்ற எங்களுக்குத் தெரியும். சொல்லாதடான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு."

ஜெனிட்டா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். ஏசுபாதம் உட்காரவில்லை. தோளிலிருந்த துண்டைக்கூட எடுக்காமல் அப்படியே நடந்து போனார்.

மோசஸ் வீடு அடுத்த தெரு. எட்டு வீடு தாண்டினால் போதும், ஏசுபாதம் ஐந்து மாதமாக அங்கே போகவில்லை. மோசஸ் கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தார். லுங்கிக்கு வெளியே தெரிந்த இரண்டு முட்டியும் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தன. கால்கள் மடங்கியபடியே கிடந்தன. டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"வா மச்சான்," என்றார் மோசஸ். துண்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ஒத்திகைக்குப் போனியா? தூக்கினியா?"

"சாஞ்சிடுச்சி."

மோசஸ் கண்ணை மூடிக்கொண்டார். "அதுக்குத்தான்யா உம் பேரையும் எடுக்கச் சொன்னேன். என்னால முடியல. நான் இல்லாம நீ தூக்கினா திருநாள் அன்னிக்கி மாதா நடுத்தெருவுல சாயும். ஊரே நின்னு பாக்கும். அதுக்குப் பதிலா நீ என்னத் திட்டிகினு இருந்தா போதும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"சொல்லியிருந்தா நீ மறுபடி தண்டத் தொட்டிருப்பியா?"

ஏசுபாதம் நின்றார், ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். ஒரு கேள்வி எழுந்தது. அதைக் கேட்காமல் இருந்தால் நல்லது என்று அவருக்கே தெரிந்தது. கேட்டுவிட்டார்.

"லோடு தூக்கச்சொல்லோ? அப்பவுமா?"

மோசஸ் டிவியைப் பார்த்தார்.

"சொல்லு மச்சான்."

"அப்ப குனியாம? மரம் உம் பக்கம் சாஞ்சா உம் மேலதான வரும். இன்னொரு தபா நீ அடி பட்டா எந்தங்கச்சி இன்னா பண்ணும்? அப்ப உம் பசங்க ரெண்டும் இத்தினூண்டு."

பதினோரு வருடம். தினமும் நாற்பது நடை, ஐம்பது நடை. ஒவ்வொரு நடையிலும் எத்தனை இடது கால். ஏசுபாதத்துக்கு எண்ண முடியவில்லை. டீக்கடையில் தான் சிரிக்க வைத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எல்லாவற்றிலும் மோசஸ் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கோபமும் வந்தது.

"உன்ன யாருடா கேட்டா? நான் கேட்டனா, எனக்காவக் குனின்னு? முட்டி ரெண்டையும் கெடுத்துகினு குந்திகினு கீறியே, உன்ன எவன்டா கேட்டான்?"

கத்திய கத்தலில் மோசஸின் மருமகள் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். மோசஸ் அவளைக் கையமர்த்தினார்.

"யாரும் கேக்கல. கூட நடக்கறவன் எறங்கினா நானும் எறங்கறேன். இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "வந்ததுதான் வந்த, ஒரு கை குடு. பாத்ரூம் போவணும். அந்தப் பொண்ணக் கூப்ட எனக்கு ஒரு மாரியா கீது."

ஏசுபாதம் கட்டிலருகே போய் இடது தோளைக் கொடுத்தார். மோசஸ் கையைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தும் அவர் தலை ஏசுபாதத்தின் காது மட்டத்துக்குத்தான் வந்தது.

"குனியாத மச்சான். எனக்காவ இனிமே குனியாத. நிமிந்து நில்லு."

மோசஸ் சிரித்தார். "நிமிந்துதான்யா நிக்கறேன். இதுக்கு மேல வராது."

பின்கட்டுக்குப் பதினைந்து அடி இருந்தது. ஏசுபாதம் தன்னுடைய நல்ல காலை மடக்கினார். இடுப்பிலிருந்து உச்சந்தலை வரைக்கும் வலி ஏறியது. வாய்விட்டுச் சொல்லாமல், மச்சானின் உயரத்துக்கு இறங்கி, முதல் அடியை வைத்தார்.