கடை வாசல் மீசைக்காரர்

லுணுகலையில் நஸ்மியாவின் புடவைக்கடை வாசலில் நிற்கும் மரச்சிலைக்குப் பெரிய மீசை, தலைப்பாகை, ஓங்கிய வலது கை. வாடிக்கையாளரைக் கூப்பிடும் கை என்று நினைத்து, அதில் அவள் புதுச் சேலைகளைத் தொங்கவிடுவாள். இன்று அந்தச் சிலையைத் தூக்கிப்போக, தேயிலைத் தோட்டத்து வீரய்யா ஆட்களோடும் லொறியோடும் வந்து நின்றார்.

பல வருஷத்துக்கு முந்திய கலவரத்தில் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரி எரிந்தபோது காணாமல்போன ரோதமுனி இதுதான் என்றார் அவர். இயந்திரத்தில் யாருடைய கையும் சிக்காமல் காக்கும் சாமி. நஸ்மியாவுக்குச் சுருக்கென்றது. மரம் போனால் போகட்டும்; சாமியைத் திருடியவர் என்ற பேர், அதை வாசலில் நிறுத்திவைத்துச் செத்துப்போன வாப்பாவுக்கு வந்துவிடுமே.

கடைப் பொம்மைதான், ஆதாரம் இருக்கிறது என்று வாய் வீரம் பேசிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த நீர்வண்ணப் படத்தை எடுத்துவந்தாள். எப்போதோ வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கடையையும் சிலையையும் வரைந்து வாப்பாவிடம் கொடுத்தது. வீரய்யாவும் இறங்கிவந்தார். நேர்ந்த சேவலை முனியின் காலடியில்தான் கட்டுவோம், படத்தில் அது இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடுகிறோம் என்றார்.

கண்ணாடி மங்கியிருந்ததால் சட்டத்தைப் பிரித்தாள். அங்கேதான் வந்தது வினை. இத்தனை வருஷமும் சட்டம் மறைத்திருந்த கீழ் ஓரத்தில், சிலையின் காலில் கட்டியபடி சின்னதாக ஒரு சிவப்புச் சேவல்.

அவள் கட்டைவிரல் தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. படத்தை அப்படியே நீட்டினாள்.

வீரய்யா குனிந்து மீசையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"தப்புத்தாங்க. ஒங்க வாப்பாவ சந்தேகப்பட்டுட்டோம். மன்னிச்சிருங்க."

கைகூப்பிவிட்டு லொறிப் பக்கம் திரும்பினார். தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டிருக்கலாம். ஆனால் கூப்பிய அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை. முனி இல்லாத புது ஃபெக்டரியின் இயந்திரம் தின்றுவிட்டது. அதைப் பார்த்தபிறகு அவளால் தாங்க முடியவில்லை.

"நில்லுங்கண்ணே," என்று விரலை எடுத்தாள்.

ஆட்கள் நெருங்கி எட்டிப்பார்த்தார்கள். திருட்டுப் பட்டம் இதோ விழுகிறது என்று நஸ்மியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தங்கச்சி," என்றார் வீரய்யா. "திருடுனவன் கட வாசல்லயே சேவல் கட்ட விடுவானா? நெருப்புலருந்து காப்பாத்தி, எங்க ஆளுகள கும்பிடவும் விட்டிருக்காரு. அவங்கெல்லாம் பெறகு கலவரத்துக்குப் பயந்து வடக்க வன்னிக்குப் போயிட்டாங்க. சொல்றதுக்கு ஆளில்லாமப் போச்சு."

நஸ்மியா அழுதுகொண்டே சிலையின் கையில் கிடந்த சேலைகளை எடுத்தாள். வாப்பா இருந்தவரை அந்தக் கையில் ஒரு துணியும் தொங்கவிட்டதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.