துலாத்தட்டுக்குக் குறைந்த ஓர் அச்சு வெல்லம்

கந்தவேளின் திருநாமத்தை மும்முறை உரைத்த பின்னரே சென்னியப்பன் பேருந்தைக் கிளப்புவான். அதற்கும் முன்னதாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வான். கேரளத்துச் சித்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஓடிய தனியார் பேருந்து ஒன்றின் ஓட்டுநர் அவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்காம் ஆண்டில் மருத்துவர் அவனுக்கு ஊசியோடு உபதேசமும் அருளியிருந்தார். ஊசிக்குப் பின் உணவு தாமதித்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும். வேர்வையும் நடுக்கமும் கண்டால் வண்டியை ஓரங்கட்டி வெல்லத்தை வாயிலிட வேண்டும். ஆகவே அவனது காக்கிச் சட்டைப்பையில் ஓர் அச்சு வெல்லம் நீங்காது உறைந்தது. நோயை மட்டும் முதலாளி குப்பண்ணனிடம் மறைத்திருந்தான். தெரிந்தால் வேலை போகும் என்பது அவன் அச்சம்.

நடத்துநர் நஞ்சப்பன் ஒருவனே அறிவான். அன்பு நிறைந்தவன், அறிவோ அரைகுறை. சர்க்கரை நோயாளியின் பையில் வெல்லமா என்று பதறி, அன்று காலை சென்னியப்பன் குளிக்கும் வேளையில் அதனைக் கவர்ந்து தன் தோல்பையில் ஒளித்தான். ஈடாகப் பாகற்காய் வற்றலை மடித்து வைத்தான்.

அன்று பேருந்து முதலாளி வீட்டு வேண்டுதலுக்குப் புறப்பட்டது. நெடுநாள் தவமிருந்து பெற்ற மகனுக்கு முருகன் கோயிலில் துலாபாரம். குழந்தையின் எடைக்குச் சரியாக வெல்லத்தை வீட்டிலேயே நிறுத்து மூட்டை கட்டியிருந்தாள் முதலாளியின் மனைவி ராமாத்தாள். உறவினர் அனைவரும் வந்து ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் கழிந்தது. ஊசி போட்டிருந்தும், மூட்டைகளை ஏற்றும் அலைச்சலில் சென்னியப்பனின் இட்டிலிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

பாதி வழியில் அவன் நெற்றி வேர்த்தது. உடனே பனைமரத்தடியில் ஓரங்கட்டிப் பையினுள் கைவிட்டான். வந்தது பாகற்காய். அதை மென்று முகம் கோணி, உடல் நடுங்க, கண் செருக, “வெல்லம்... வெல்லம் குடு” என்று உறுமினான்.

அவன்மேல் தெய்வம் இறங்கிவிட்டதென்று ராமாத்தாள் கைகூப்பினாள். பேருந்து முழுதும் அரோகரா முழங்கியது. ஒருவர் தம் மகளின் கல்யாணம் எப்போது கூடுமென்று குறி கேட்டார். வெல்லம் என்று விடை வந்தது. தொலைந்த எருமையைப் பற்றி வேறொருவர் வினவினார். அதற்கும் அதுவே விடை.

ராமாத்தாள் மூட்டையை அவிழ்த்தாள். நஞ்சப்பன் குறுக்கே பாய்ந்தான்.

“ஏனுங்கம்மா, குடுத்தராதீங்க. இனிப்புத் தின்னா செத்துப்போவானுங்க.”

“சாமியே வாய்தொறந்து கேக்குது. நடுவுல நீ யாருடா?”

ஓர் அச்சு வெல்லம் சென்னியப்பனின் வாய் புகுந்தது. சிறிது நேரத்தில் நடுக்கம் தணிந்து, தன் பெயர் அவனுக்கு நினைவு வந்தது. இட்டிலிகளை உண்டு, கால்மணி நேரம் அசையாது அமர்ந்தான். செத்துப்போகாத நண்பனை நஞ்சப்பன் சற்றே குழப்பத்துடன் நோக்கினான்.

குப்பண்ணன் அருகில் வந்து, வந்தது சாமிதானா என்று கேட்டார். தலையை ஒருமுறை அசைத்தால் வேலை நிலைக்கும். காணிக்கை விழும் விபூதித் தட்டும் கிடைக்கும். ஆயினும் அப்பெருமான் பெயரால் பொய்யுரைக்க அவன் நா எழவில்லை.

“சாமி இல்லீங்க. எனக்குச் சர்க்கரை நோயிங்க. ஊசி போட்டுப்போட்டு நேரத்துக்குத் திங்காம இருந்துட்டேனுங்க.”

தெய்வம் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறது என்று ராமாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதலாளியோ, கோயில்வரை ஓட்டு, மற்றதை அங்கே பேசலாம் என்று மட்டும் சொன்னார்.

கோயிலில் குழந்தையைத் துலாத்தட்டில் அமர்த்தினர். வெல்லத்தட்டு மேலேயே நின்றது. குறைந்தது ஓர் அச்சு. வேண்டுதல் பழுதாயிற்றே என்று ராமாத்தாள் வெளிறினாள். அப்போது நஞ்சப்பன் தலைகுனிந்து தோல்பையைத் திறந்து, டிக்கெட்டுக் கட்டுகளுக்கு அடியிலிருந்து வெல்லத்தை எடுத்தான். யாருடையது, எங்ஙனம் தன்னிடம் வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டான். அதை வைத்ததும் தட்டுகள் இரண்டும் சமமாயின.

குப்பண்ணன் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுத்துச் சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

“வண்டிய ஓரங்கட்டிப்போட்டுத்தானடா நடுங்குனே? நீயே ஓட்டு. ஆனா நீ திங்காம வண்டி நகரக்கூடாது. நஞ்சப்பா, இனி அவன் பையில கைவெச்சீன்னா, அடுத்த துலாபாரம் உனக்குத்தான். எடைக்கு எடை பாகக்கா.”

மறுநாள் முதல் ஓட்டுநருக்கு எதிரே, முருகன் படத்தின்கீழ், ஒரு பித்தளைச் சம்புடத்தில் வெல்லம் இருந்தது. தனக்கு வந்தது நோயே என்று சென்னியப்பன் கேட்போரிடமெல்லாம் உரைத்தான். ஆனால் தொலைந்த எருமை அன்று மாலையே தானாக வீடு திரும்பிவிட்டபடியால், சித்தூரில் அதை நம்புவார் ஒருவருமில்லை.